ஹீட்சிங்க்: செம்பா, அலுமினியமா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். கல்லூரியில் படிக்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "புதுசா பிசி அசெம்பிள் பண்றேன். வீட்ல கொடுத்த காசுக்குள்ள முடிக்கணும். முழுச் செம்பு ஹீட்சிங்க் வாங்கட்டுமா, அலுமினியமே போதுமா?"

பாடப்புத்தகத்தைக் கேட்டால் செம்புதான். வெப்பக் கடத்துதிறன் செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்குச் சுமார் 237. ஆனால் அதோட கதை முடியலை.

முதல்ல எடை. ஒரே அளவுக் கட்டியை எடுத்தால், செம்பு 3 மடங்குக்கும் மேல கனம். ஸால்மன் கம்பெனியின் பழைய 7000ஏ கூலர் 2 வகையில் வந்தது. முழுச் செம்பு 773 கிராம். அலுமினியம் கலந்தது 445 கிராம். டவர் கேஸில் மதர்போர்டு செங்குத்தா நிற்கும். அந்தக் கனம் முழுக்க அதுல பக்கவாட்டில் தொங்கணும்.

அடுத்தது விலை. அலுமினியத்தைச் சூடாக்கி, முறுக்கு பிழியிற மாதிரி அச்சு வழியா அழுத்தினால் தகடுகளோடவே வந்துடும். செம்பு அவ்வளவு சுலபமா வளைஞ்சு கொடுக்காது. உலோகமும் விலை அதிகம், வேலையும் அதிகம்.

சரி, செம்பு எங்கேதான் தேவை? சிப் விரல்நகம் அளவுதான். அந்தச் சின்ன இடத்துல குவியிற சூட்டை உடனே பரப்பணும். அங்கே செம்புக்கு வேலை இருக்கு. பரவின சூடு தகடுகளுக்குப் போய் காத்துல இறங்குற இடத்துல, தகடு எந்த உலோகம் என்பதைவிட அதன் பரப்பளவும் காத்தோட்டமும்தான் முக்கியம். நம்ம வீட்டு காப்பர் பாட்டம் பாத்திரத்தை நினைச்சுக்கோங்க. அடுப்பு படுற அடியில மட்டும்தானே செம்பு?

நல்ல கூலர்களும் அப்படித்தான். நாக்டுவா என்ஹெச்-டி15-ல அடித்தட்டும் ஹீட்பைப்பும் செம்பு, தகடுகள் அலுமினியம். ஹீட்பைப்புக்குள்ள கொஞ்சம் திரவம் இருக்கும். சிப் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் குளிர்ந்து திரும்பும். கட்டிச் செம்பைவிட அது ரொம்ப வேகமா சூட்டைக் கடத்தும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நான் படாளத்துல, ஏசி இல்லாத ரூம்ல உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். மே மாசம் மதியம் ரூமே 38 டிகிரின்னு வைங்க. எந்த உலோகமா இருந்தாலும், காத்தால ஆறுற ஹீட்சிங்க் அந்த 38-க்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. 65 வாட் பிராசஸர், ஒரு வாட்டுக்கு அரை டிகிரி ஏறுற கூலர்னா, 32.5 டிகிரி கூடும். மொத்தம் 70.5. அதே கூலர் 25 டிகிரி ஏசி ரூம்ல 57.5-ல நிற்கும். இந்த 13 டிகிரி வித்தியாசத்துக்குக் காரணம் உலோகம் இல்லை, ரூம்.

அதனால தம்பி, செம்பு ஹீட்பைப்பும் அலுமினியத் தகடும் இருக்கிற சாதாரண டவர் கூலர் வாங்குங்க. மிச்சக் காசுல கேஸுக்கு இன்னொரு ஃபேன், நல்ல தெர்மல் பேஸ்ட். ஜிஎஸ்டி ரோட்டுப் புழுதி தகடுகளுக்கு நடுவுல அடைச்சுட்டா செம்பும் ஒண்ணுதான், அலுமினியமும் ஒண்ணுதான். மாசம் ஒரு தடவை தூசி தட்டுங்க. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் இருக்கிறவங்க நிக்கல் பூச்சு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. உப்புக்காத்துல செம்பும் அலுமினியமும் ஒட்டுற இடம் அரிக்க வாய்ப்பு இருக்கு.

பிசி ரெடியானதும் லோடு கொடுத்து டெம்பரேச்சர் பாருங்க. என்ன வந்ததுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!