நோயாளியின் கதையைக் கேளுங்கள்



வீட்டில் ஒருவர் நோயுற்றால் மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். அவர் வாய் திறந்தால் மட்டும், "பேசாமல் படுங்கள்" என்று அடக்கிவிடுகிறோம். அந்தப் பேச்சும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான் என்பதை இன்று பார்ப்போம்.

கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் தாய்மார்கள் சிலர், டாக்டரிடம் "சாக்கிட்" என்ற ஒரே மலாய்ச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதுண்டு. டாக்டருக்கு அது போதாது. வலி எப்போது தொடங்கியது? வேலை செய்யும்போதா, படுத்திருக்கும்போதா? எங்கிருந்து எங்கே பரவுகிறது? நடக்கும்போது நெஞ்சை அடைத்து, உட்கார்ந்ததும் விட்டுவிடும் வலி வேறு. சாப்பிட்டபின் எரியும் வலி வேறு. ஆகவே, தவணைக்கு முதல்நாள் இரவு பாட்டியை உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதை மலாயில் எழுதிக்கொடுக்கட்டும்.

நோயாளிக்குப் புத்தி சொல்லவும் கதை உதவும். காசநோய்க்குப் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிட்டால், "இனி எதற்கு மாத்திரை?" என்பார் அப்பா. அவரோடு வாதாட வேண்டாம். "லாலானை மேலோடு வெட்டிவிட்டால் என்ன ஆகும், அப்பா?" என்று கேளுங்கள். "வேர் மண்ணுக்குள்ளே ஓடிக்கிடக்கிறதே, மறுபடி முளைக்கும்" என்பார். நோய்க்கிருமியும் அப்படித்தான். பாதியில் விட்டால் திரும்ப முளைக்கும். அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். தம் கையால் லாலான் வெட்டியவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆறுதலுக்கும் கதை வேண்டும். சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்தது. அங்கே பிறந்த குழந்தைகள், நோய் தொற்றும் என்ற அச்சத்தால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பின்னர் நல்ல மருந்து வந்தது, நோய் குணமாயிற்று. ஆயினும் ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிப் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். நெடுங்காலம் கழித்து, அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளைச் சிலர் பொறுமையாகக் கேட்டு எழுதி நூலாக்கினார்கள். பிரிந்த பிள்ளைகளில் சிலர் பெற்றோரைத் தேடியும் வந்தார்கள். மருந்து உடலைத்தான் ஆற்றியது. மனத்திலிருந்த பாரத்தை இறக்க, காதுகொடுத்துக் கேட்பவர் தேவைப்பட்டார்.

லயத்தில் குடியிருந்த காலத்தில், வாசலில் அமர்ந்தால் கேட்பதற்கு நாலு பேர் இருந்தார்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் வந்து, அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் முதியவருக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எல்லாக் கதையும் மருந்தாகாது. "பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான், ஒரு மாதத்தில் போய்விட்டார்" என்பது கதையன்று, நஞ்சு. "இந்தக் கஷாயம் குடித்தால் இனிப்புநீர் ஓடிவிடும்" என்பதும் அவ்வகையே.

இன்றிரவு வானொலியை அணைத்தபின், கட்டிலருகே ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவரே சொல்லுவார்.