உயிர் பிழைத்த பிறகு

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை, உடம்பு தேறியதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். மனதை யார் பார்ப்பது?

காரணம் மனச்சோர்வா, குடிப்பழக்கமா, நோய் எதுவுமின்றிக் கடனோ சண்டையோ தந்த நெருக்கடியா என்பதை மனநல மருத்துவர் பேசித்தான் கண்டறிய முடியும். முதல் நாள் பதற்றத்தில் முழு விடை கிடைக்காது. சில நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

வழக்கு வருமோ என்று மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது. தண்டனையை விலக்கி, சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது.

"ஏன் செய்தாய்?" என்று அதட்டாதீர்கள். "இப்போது மனசு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். உதவிக்கு எந்நேரமும் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.