நாய்க்குட்டியும் வீட்டுத் தூய்மையும்

காவலுக்கென்றும் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்றும் நாய்க்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவருவோர் இலங்கையிற் பலர். அவ்வாறு வந்த குட்டிகளுட் சில, ஒரு வயது நிறையுமுன்னரே சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கொண்டுபோய் விடப்படுகின்றன. அவை எவரையும் கடித்தனவுமல்ல, நோயுற்றனவுமல்ல. 'எத்தனை அடித்தும் வீட்டுக்குள்ளேயே அசுத்தஞ் செய்கிறது' என்பதே பல வேளைகளிற் கூறப்படும் காரணம். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியும் அப்போது துணைக்கு வந்துவிடும். ஆயின், பிழை குட்டியினுடையதுதானா, அன்றிப் பழக்குபவருடையதா என்பது ஆராயத்தக்கது.

பிறந்து ஏறக்குறைய மூன்று வாரங்கள் வரையில் நாய்க்குட்டியாற் சிறுநீரைத்தானும் தானாகக் கழித்தல் இயலாது. தாய் நாவினால் நக்கித் தூண்டும்போதே அது கழிக்கும். தாயே துப்புரவும் செய்யும். அதன்பின் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கப் பார்க்கும். படுக்கும் இடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் இயல்பு, பொதுவாக அதனுடன் பிறந்தது. எனவே, மனிதர் புதியதொன்றை அதனுட் புகுத்த வேண்டியதில்லை. படுக்கை மட்டுமன்றி வீடு முழுவதுமே படுக்கை போன்றது என்பதை அது உணருமாறு செய்தலே பழக்குவோரின் கடமை.

இக்கடமையில் முதலிற் கவனிக்க வேண்டியது குட்டியின் வயதாகும். இரண்டு மாதக் குட்டி பகல் வேளையில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கிவைத்தல் அரிது. மாதம் ஏற ஏற அடக்கும் ஆற்றலும் சிறிது சிறிதாக வளரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது உண்மையே. ஆனால், உடல் முதிராத பருவத்தில் எவ்வளவு வளைத்தாலும் வளையாது என்பதும் உண்மை. காலையிற் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீட்டார், மூன்று மாதக் குட்டி அதுவரை பொறுத்திருக்கும் என்று எதிர்பார்த்தல் நியாயமன்று.

குட்டிக்கு வெளியே போகவேண்டிய வேளைகள் பெரும்பாலும் முன்கூட்டியே அறியக்கூடியவை. உறங்கி எழுந்தவுடன் ஒரு முறை. உணவு உண்டபின், குடலில் அசைவு உண்டாவதால், சிறிது நேரத்துக்குள் ஒரு முறை. விளையாடி முடிந்ததும் ஒரு முறை. இரவு படுக்குமுன் ஒரு முறை. இவற்றிடையே, நிலத்தை முகர்ந்துகொண்டு வட்டமிடுமாயின் அதுவும் ஓர் அறிகுறியே. பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பி ஒன்றில், குட்டி உண்ட நேரத்தையும் கழித்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்துவந்தால், அதன் நாளொழுங்கு தெளிவாகப் புலப்படும். நினைத்த வேளையெல்லாம் உணவு கொடுக்கும் வீட்டில் இவ்வொழுங்கைக் காண்பது கடினம். ஆதலின், உணவு நேரத்தை ஒழுங்குபடுத்துதலே பழக்கத்தின் தொடக்கம் எனலாம்.

குறித்த வேளையிற் குட்டியை வளவின் ஒரே மூலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைப் பிற நாய்கள் திரியும் தெருவுக்குக் கொண்டுபோகாமல் வளவினுள்ளேயே பழக்குதல் நன்று. அங்கே விளையாட்டுக் காட்டாது அமைதியாக நிற்றல் வேண்டும். அது கழித்து முடித்த அக்கணமே இன்சொற் கூறித் தடவிக்கொடுத்து, சிறு தின்பண்டமும் அளித்தல் தகும். வீட்டுக்குள் வந்தபின் கொடுக்கும் தின்பண்டம் வீட்டுக்குள் வந்தமைக்கே பரிசாகும். கழித்ததும் உடனே உள்ளே இழுத்துவருவதும் பிழையே. வேலை முடிந்தால் வெளியுலாவும் முடிந்துவிடும் என்று கண்டுகொள்ளும் குட்டி, அடக்கிவைத்திருந்து உள்ளே வந்தபின் பாயிற் கழிக்கும்.

பாயையும் மிதியடியையும் அது நாடுவதற்கு வேறு காரணமும் உண்டு. குட்டிப் பருவத்தில் எந்தத் தரையிற் கழித்துப் பழகியதோ, அத்தகைய தரையையே அதன் பாதங்கள் தேடும். சாக்கிலும் பழம்பத்திரிகையிலும் வளர்ந்த குட்டி, மென்மையாய் ஈரத்தை உறிஞ்சும் பொருளைக் கண்டால் அதுவே தனக்குரிய இடம் என்று கொள்ளும். அத்தகைய குட்டிக்கு, நனைந்த சாக்குத் துண்டொன்றை வளவின் மூலையில் மணலின்மேல் இட்டுச் சில நாட்கள் வைத்தால் மாற்றம் எளிதாகும். மாரிகாலத்திலோ, நன்கு பழகிய குட்டியும் ஈர மண்ணில் இறங்க மறுக்கும். தாழ்வாரத்தின் ஓரத்தில் உலர்ந்த மணலைக் கொட்டி இடம் அமைத்துக் கொடுத்தால், வளர்ந்த பழக்கம் மழையாற் குலையாது.

தரையைக் கழுவும் முறையிலும் கவனம் வேண்டும். பினைல் தெளித்துவிட்டால் மனிதரின் மூக்குக்கு நாற்றம் மறையும். நாயின் மூக்கு அதனடியிலுள்ள பழைய மணத்தை அறிந்துகொள்ளும். அமோனியா கலந்த திரவங்களோ சிறுநீரின் மணத்தையே ஒத்திருப்பதால், மீண்டும் அவ்விடத்துக்கே அழைப்பதாய் முடியலாம். ஈரத்தை ஒற்றியெடுத்து, சவர்க்கார நீராற் கழுவி, நீர் கலந்த வினாகிரி கொண்டு துடைத்தல் நன்று. இதற்கென நொதியம் சேர்த்துச் செய்யப்படும் திரவங்களும் இப்போது கிடைக்கின்றன.

இவை யாவற்றினும் பெரிய பிழை தண்டனையே. மூக்கை அசுத்தத்திற் தேய்த்தலும் பிரம்பால் அடித்தலும் பல வீடுகளில் வழக்கம். நாயின் மனத்தில் ஒரு செயலும் அதன் விளைவும் பொருந்தவேண்டுமாயின், இரண்டும் அடுத்தடுத்து நிகழ்தல் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் செய்ததற்கு இப்போது அடித்தால், தன்னிடம் வந்த எசமானின் வருகையே அடிக்குக் காரணம் என்று அது கொள்ளும். 'குற்றத்தை உணர்ந்தல்லவோ தலை குனிகிறது' என்று சிலர் கூறுவர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. தின்னக்கூடாதென்று விலக்கிய பண்டத்தை உண்ட நாய், உண்ணாத நாய் என்ற வேறுபாட்டால் அப்பார்வை மாறவில்லை. எசமான் கடிந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தே அது தோன்றியது. குற்றமே செய்யாத நாயும் கடியப்பட்டபோது தலை குனிந்தது. ஆகவே, அக்குனிவு அச்சத்தின் அடையாளமேயன்றிக் குற்ற உணர்வின் சான்றன்று.

அடிபட்ட குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் பார்க்கும்போது கழிக்கலாகாது. அதன்பின் அது கட்டிலின் கீழும் அலுமாரியின் பின்னும் ஒளிந்து கழிக்கும். வளவிற் கொண்டுபோய் நிறுத்தினாலும், பக்கத்தில் ஆள் நிற்பதால் அடக்கிக்கொள்ளும். வீட்டாரோ அதனைப் பிடிவாதம் என்பர். பிடிவாதம் என்று பெயர் பெற்றது, உண்மையில் வீட்டாரே கற்றுக்கொடுத்த பாடம். செயல் நிகழும்போதே கண்டால், மெல்லக் கைதட்டி இடைநிறுத்தி வெளியே கொண்டுபோதல் போதும். பின்னர் கண்டால், தரையைக் கழுவுவதன்றிச் செய்யத்தக்கது வேறொன்றுமில்லை.

ஒழுங்காகப் பழக்கியும் குறை நீங்காதாயின், அல்லது பழகிய நாய் திடீரெனப் பழக்கம் தவறுமாயின், மிருக வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தல், கழிக்கும்போது முனகுதல், சிறுநீரில் இரத்தம் காணப்படல் ஆகியவை சிறுநீர்ப்பை நோயின் அறிகுறிகளாகலாம். இடைவிடாது துளித்துளியாய் ஒழுகுதல் பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம். விருந்தினரைக் கண்டு மகிழ்ச்சியாலோ அச்சத்தாலோ சிறுநீர் விடும் குட்டியும் உண்டு. அதன்மேற் குனியாமல், பக்கத்தில் அமர்ந்து அமைதியாகப் பேசினால், வளர வளர அக்குறை பெரும்பாலும் நீங்கும். நோய்க்கு மருந்தும் அச்சத்துக்கு ஆறுதலும் வேண்டுமேயன்றி, இரண்டுக்கும் பிரம்பு பரிகாரமன்று.

வீட்டில் உள்ளோர் அனைவரும் ஒரே ஒழுங்கைக் கைக்கொள்ளல் இன்றியமையாதது. தாய் வெளியே கொண்டுசெல்ல, தந்தை அடிக்க, பிள்ளைகள் வேளையற்ற வேளையில் உணவூட்டினால், குட்டி எதைக் கற்கும்? பொறுமையோடு பழக்கினால், ஆறு மாதம் நிறைவதற்குள் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடுகின்றன. சில இன்னும் சில மாதங்கள் வேண்டி நிற்கும். அச்சில மாதங்களைப் பொறுத்த வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் நன்றியுள்ள துணை கிடைக்கிறது. பொறுக்காத வீட்டின் குட்டிக்கு எஞ்சுவது தெருவும் பசியும் வாகனச் சில்லுமே. குட்டியைச் சாக்கிற் கட்டிச் சந்தையடிக்குக் கொண்டுசெல்ல எண்ணுவோர், அதற்கு முன் ஒரு வாரம் அக்கொப்பியை எழுதிப் பார்த்தல் நலம்.