பெறுபேறு வரும் முன்னே பத்திரம் தயாராகட்டும்
(பட்டிப்பொலயில் நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் குளிரில், மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு எங்கள் நன்றி. நேரத்தை வீணாக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

நம் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகம் போகிறார்கள். எண்ணிக்கை போதாது, ஆனாலும் போகிறார்கள். பரீட்சையில் தோற்கும் பிள்ளையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பரீட்சையில் வென்று, கடுதாசியில் தோற்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேச வந்தோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவி. நல்ல பெறுபேறு. புலமைப்பரிசிலுக்குக் கூப்பிட்ட கடிதம் தோட்டத்து முகவரிக்கு வந்தது. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லை. கடிதம் யார் யார் கையிலோ சுற்றி அம்மாவின் கைக்கு வந்தபோது முடிவுத் திகதி போய்விட்டது. அது மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதம், அவரது அடையாள அட்டையில் வேறு விதம். கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் அதைத் திருத்த ஒரு மாதம் ஆகியிருக்கும். பாடம் சொல்லிக்கொடுத்த நாங்களும் இதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இது நமக்குப் புதிய கதை அல்ல, தோழர்களே. 1948இல் நம் பாட்டன், பாட்டிமாரின் பிரசாவுரிமை போனது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். முதலில் நம் தலைவர்கள் அந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தார்கள், பிறகு கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காகப் போட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. தொடர்ந்து இங்கேயே வசித்தோம் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். உழைத்த கை இருந்தது, காகிதம் இல்லை. அந்தச் சட்டம் அநியாயமானது, அதை நாம் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் காகிதமும் திகதியும் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை நம்மைவிட அறிந்தவர் இந்த நாட்டில் யாரும் இல்லை.

இப்போது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். "முந்தி விண்ணப்பித்தால் முந்திக் கிடைக்குமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி உண்டு. அங்கே பல கல்லூரிகள், நவம்பர் மாதம்போல ஒரு முன்திகதிக்குள் விண்ணப்பித்தவர்களை மட்டுமே திறமைப் புலமைப்பரிசிலுக்குக் கணக்கில் எடுக்கின்றன. நம் அரச பல்கலைக்கழகங்களில் அப்படி இல்லை. முதல் நாள் விண்ணப்பித்தாலும் கடைசி நாள் விண்ணப்பித்தாலும் இசட் புள்ளி ஒன்றுதான். அப்படியானால் அவசரம் எதற்கு? கொழும்புப் பிள்ளைக்குக் கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான். நமக்கு அப்படியில்லை. மழை பெய்து சிக்னல் போனால், கிராம உத்தியோகத்தர் அன்று இல்லாவிட்டால், ரயில் பிந்தினால், நம் கடைசி நாள் மூன்று நாள் முன்னமே முடிந்துவிடும். ஆகவே நமக்கு முந்துவது என்றால் பெறுபேறு வருமுன் பத்திரம் கையில் இருப்பது.

என்னென்ன பத்திரம்? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். அடையாள அட்டை, அதைச் சாதாரண தரம் எழுதும் வயதிலேயே எடுத்துவிடுங்கள். அம்மா, அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி. சம்பளச் சீட்டு, அதை அடுப்பு மூட்டப் போடாதீர்கள். பெற்றோரின் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை யாரிடம், எந்தக் கிழமை வாங்கலாம் என்பதையும் முன்னமே கேட்டு வையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். மாரியாயி ஒன்றில் மாரியம்மாள் ஆகியிருந்தால், பிள்ளை பத்தாம் ஆண்டில் இருக்கும்போதே திருத்தத் தொடங்குங்கள்.

அடுத்தது, பல்கலைக்கழக விண்ணப்பம். பெறுபேறு வந்து சில வாரங்கள்தான் அவகாசம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலை அதற்கு முன்பே வாசிக்க வேண்டும். எழுதிக்கொடுத்த பாடநெறிகளுக்குள்தான் தெரிவு நடக்கும். எழுதாத பாடநெறி உங்களைத் தேடி வராது. இரண்டு, மூன்றை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். விருப்ப வரிசையில், தகுதியுள்ள அத்தனையையும் எழுதுங்கள்.

நம் மாவட்டத்துக்கு ஓர் உரிமையும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 இடம் மாவட்ட சனத்தொகைக்கு, மீதி 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. எனவே கண்டியில் படிக்கும் மச்சான் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக, "நமக்கும் கிடைக்காது" என்று ஒதுங்காதீர்கள். சென்ற ஆண்டு நம் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியைப் பார்த்து முடிவெடுங்கள்.

இனிப் பணம். இடம் கிடைத்தும் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பக் காசில்லை என்று அப்பா தலையைக் குனிகிறார். மகாபொல நிதியம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்த காலம் அது. திறமைக்கு ஒரு வகை உதவியும், திறமையோடு வருமானக் குறைவையும் பார்த்துக் கொடுக்கும் ஒரு வகை உதவியும் அதில் உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்க முன்மொழிந்தார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழக உதவிப்பணம் இருக்கிறது. வருமானச் சான்று இல்லாவிட்டால் வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி கைநழுவும்.

தோட்டப் பிள்ளைகளுக்கென்றே இன்னொன்றும் உண்டு. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1940களில் தொடங்கியது. இந்தியத் தூதரகத்தின் வழியாக உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் அது உதவுகிறது. இந்தியாவிலேயே பட்டப்படிப்புப் படிக்க நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் போன்றவையும் இருக்கின்றன. இவற்றின் நாட்காட்டி நம் பல்கலைக்கழக நாட்காட்டியோடு ஒத்துப்போகாது. பத்திரிகை அறிவித்தலைப் பார்த்தபின் ஓடினால் காலம் போதாது. அறிவித்தல் வரும்போது கோப்பு தயாராக இருக்க வேண்டும்.

பெற்றோரை மட்டும் சொல்லிவிட்டுச் சங்கம் ஒதுங்கக்கூடாது. சான்றிதழ் எடுக்கப் பிரதேச செயலகம் போனால் ஒரு நாள் பேர் போகிறது. ஒரு பேர் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு டிவிசனிலும் சாதாரண தரம் தாண்டிய பிள்ளைகளின் பட்டியலைத் தோட்டத் தலைவரும் மாதர் அணித் தலைவியும் சேர்ந்து எழுத வேண்டும். பிள்ளைக்கு ஒரு கோப்பு.

இரண்டு, வருடத்தில் ஒருநாள் பத்திரம் திருத்தும் அதிகாரிகளைத் தோட்டத்துக்கே அழைக்க வேண்டும். அது நடக்காவிட்டால், அந்த வேலைக்குப் போகும் நாளில் பேர் வெட்டக்கூடாது என்று நிர்வாகத்திடம் சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்று, லயத்துக்கு லயம் இலக்கமும், தபால் நேரடியாக வீட்டுக்கு வரும் ஏற்பாடும். இது பழைய கோரிக்கை. கடிதம் ஒரு வீட்டின் உரிமை. அதுவரை பள்ளிக்கூட முகவரியைக் கொடுங்கள். வரும் கடிதத்தை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது எங்கள் பொறுப்பு.

பிள்ளைகளே, படிப்பு உங்கள் வேலை. பத்திரம் நம் எல்லோருடைய வேலை. 1951இல் நம் ஆட்கள் கடைசி மாதங்களில்தான் வரிசையில் நின்றார்கள். இந்த முறை முதல் நாளே நிற்போம்.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் கொப்பி இருக்கிறது. பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.