சொன்னவருக்குப் பதில் போக வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் குளவிக்கூடு இருப்பது துரைக்கோ சங்கத்துக்கோ முதலில் தெரிவதில்லை. அந்த நிரையில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்குத்தான் தெரியும். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் விழுந்த வெடிப்பும், ஸ்டோரில் மூடி கழன்ற பெல்ட்டும் அப்படித்தான். பார்த்தவர் சொன்னால்தான் மற்றவர் தப்பலாம்.

பிறகு ஏன் பலர் சொல்வதில்லை? பயம் ஒரு காரணம். இன்னொன்று, போனமுறை சொன்னதற்கு என்ன நடந்தது என்று யாரும் வந்து சொல்லாதது. கங்காணியிடம் சொன்னோம், அவர் ஐயாவிடம் சொன்னாராம், அதோடு சரி. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை வாய் திறக்க மாட்டோம். படிப்பிக்கிற எங்களுக்கு இது தெரியும்: கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளை மறுநாள் கை உயர்த்தாது.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. சனம் லயத்தில் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். யார் சொன்னது, எந்த இடம், எந்தத் திகதி, யார் செய்து கொடுப்பது, எப்போதைக்குள் என்று எழுதுங்கள். துரைக்குக் கடிதம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். தவணை வந்ததும் தலைவர் நேரில் போய் இடத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சொன்னவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். வேலை முடியாவிட்டாலும், "இன்னும் முடியவில்லை, இன்னாரிடம் நிற்கிறது" என்றாவது சொல்லுங்கள். பிரட்டுக்களத்திலும் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

கூடு அகற்றும்வரை அந்த நிரைக்கு ஆள் விடக் கூடாது. கூட்டைக் காட்டி விலகியவருக்குக் கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போட்டால் சங்கம் கேட்கும். ஒருவருக்கு அரைப்பேர் விழுந்தால் பத்துப் பேர் கூட்டைக் கண்டும் பேசாமல் இருப்பார்கள்.

மண்ணில் வெடிப்பென்றால் தவணை பார்க்க வேண்டாம். பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

தோட்டத்தில் முடியாததைக் கொப்பியோடு சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போகும்போது திகதியும் கையெழுத்தும்தான் நமக்குச் சாட்சி.

அடுத்த கூட்டத்துக்கும் கொப்பி வர வேண்டும். எழுதியவற்றில் எத்தனைக்குப் பதில் சொல்லியிருக்கிறோம் என்று சேர்ந்து பார்ப்போம்.