ஆறு மணிக்கு மேல மைதானம் யாருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"விளையாட்டும் உடல்நலமும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதுமே எங்க குழுவில் ஒரு அக்கா, "விடிஞ்சதுல இருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்கோம், இதுக்கு மேல நமக்கு என்ன விளையாட்டு?" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, தன்னார்வலர்களை நம்மைப் போன்ற குழுப் பெண்களில் இருந்துதான் எடுத்தாங்க. நானும் அதில் ஒருத்தி. பிரஷர் பார்க்கிற கருவியும் சர்க்கரை பார்க்கிற கருவியும் பையில போட்டுக்கிட்டு வீடு வீடாகப் போகிறேன். மாத்திரை வாங்குகிறவர்களில் நம்ம உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் உடம்பு உழைக்கிறது. ஆனால் நம்மில் நிறையப் பேர் இப்போது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறோம், கடையில் உட்கார்ந்திருக்கிறோம், கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் வந்ததும், அம்மி வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லாகிவிட்டது. குழாய் வாசலுக்கே வந்துவிட்டது. இதெல்லாம் நல்லதுதான். அம்மியைத் திரும்ப உள்ளே தூக்கிட்டு வாங்க என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான். ஆனால் அந்த மெஷின் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் நம்ம உடம்புக்கு வரவில்லை. சீரியலுக்கும் போனுக்கும் போய்விட்டது.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. எத்தனை அடி நடந்தோம் என்று போனே எண்ணிச் சொல்கிறது. உடம்பு அசைகிற அசைவை உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கருவி கண்டுபிடித்துக் கணக்குப் போடுகிறது. ஆனால் நம்ம சேலையில் ஏது பாக்கெட்? போன் அலமாரியில் இருக்கும், நாம் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்போம். அதனால் அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்பாதீங்க. மூச்சு வாங்குகிற மாதிரி எவ்வளவு நேரம் அசைந்தோம் என்று பாருங்க. வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைகால் தசைக்கு வலு கொடுக்கிற பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதற்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூட்டு வலி, நெஞ்சு வலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்க.

தனியாக நடக்கலாமே என்பீர்கள். நடக்கலாம், பத்து நாள். பதினோராவது நாள் விருந்தாளி வருவார்கள். குழுவில் மாசச் சேமிப்பு எப்படி விடாமல் கட்டுகிறோம்? பக்கத்து வீட்டு அக்கா கட்டிட்டாங்க, நாமும் கட்டணும் என்கிற ரோஷத்தில்தானே! விளையாட்டும் அப்படித்தான். ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய காரணம். நம்ம ஊர்ப் பள்ளியில் கபடி ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வயசுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக நின்றுவிடுகிறது. மாவட்டப் போட்டி வரைக்கும் போன நம்ம உறுப்பினர் மகள் ஒருத்தி இப்போது வருவதில்லை. பயிற்சி முடிய இருட்டிவிடும், மைதானத்தில் விளக்கு இல்லை, அங்கே நிற்பது முழுக்க ஆண்கள். அவள் அம்மா பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிய விளையாட்டில் ஹாங்சோவில் 2023-இல் 26-க்கு 25 என்று ஒரே புள்ளியில் தங்கம் ஜெயித்து, இந்தியாவுக்கு 100-வது பதக்கம் கொண்டு வந்தது பெண்கள் கபடி அணி. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் இருந்து தங்கத்தோடு வந்தாள். அவர்களையும் யாரோ ஒருத்தர் இருட்டுக்குப் பயந்து நிறுத்தியிருந்தால்?

அம்மாக்கள் இருபது பேர் அந்த மைதானத்தின் ஓரத்தில் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு காவல் எதற்கு? ஊர் பேசும். பேசட்டும். 1989-இல் தர்மபுரியில் முதன்முதலாகக் குழு ஆரம்பித்துப் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பினபோது மட்டும் ஊர் சும்மாவா இருந்தது?

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த கிராம சபையில் மைதானத்துக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கு கேட்டு எல்லாக் குழுவும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கணும். சாயங்காலம் ஆறில் இருந்து ஏழு வரை ஒரு பக்கம் பெண்களுக்கு என்று எழுதி வாங்கணும். ஊராட்சிக்கு அரசு கொடுத்த விளையாட்டுச் சாமான் பெட்டி பூட்டியே கிடக்கிறது. அதன் சாவி ஒன்று கூட்டமைப்பிடமும் இருக்கட்டும். எடுத்ததும் கபடி வேண்டாம், எறிபந்தில் ஆரம்பிக்கலாம். பிடிக்கத் தெரிந்தால் போதும், எறியத் தானாக வந்துவிடும். சேலையில் கால் தட்டும், சுடிதார் போட்டுக்கிட்டு வாங்க. மாமியாரையும் கூட்டிட்டு வாங்க, ஸ்கோர் எழுத ஆள் வேணும்.

தீர்மான நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருப்பேன். பிரஷரும் பார்த்துக்கிட்டு, கையெழுத்தும் போட்டுட்டுப் போங்க.