வரம்பு போடுவது யார்?



ரக்பி லீக் ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருக்கமாட்டோம். பக்கத்துக்கு 13 பேர், முட்டை வடிவப் பந்து, மோதித் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம். ஆனால் அது பிறந்த கதை மில் தொழிலாளிக்கு அந்நியமானதல்ல.

வட இங்கிலாந்தில் பஞ்சாலையும் கம்பளி ஆலையும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்த ஊர்கள். வேலையை விட்டு ஆடப்போனவனுக்கு அன்றைய கூலி வெட்டு. அந்த நஷ்டத்தையாவது ஈடுசெய்யுங்கள் என்று கேட்டால், காசு வாங்கி ஆடுவது கேவலம் என்றார்கள் ரக்பிச் சங்கத்துக் கனவான்கள். அவர்களுக்கென்ன, கூலி வெட்டா விழப்போகிறது? 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடி, வட பகுதிக் கிளப்புகள் பிரிந்தன. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை ஈட்டுத்தொகை என்று முடிவாயிற்று. ரக்பி லீக் அப்படிப் பிறந்தது.

இன்று அதே ஊர்களில் வேறொரு தகராறு. ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, பசிபிக் தீவுகளிலிருந்து எத்தனை ஆட்டக்காரரை ஒரு கிளப் எடுக்கலாம்? விகன் தெருவில் பந்தோடு வளர்ந்த பையனின் இடம் போகிறதே என்கிறார்கள். நியாயமான கவலை; அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் வரம்புகளின் சரித்திரத்தைப் பாருங்கள்.

இங்கிலாந்துக் கிளப்புகள் பணத்தைக் காட்டி ஆஸ்திரேலியாவின் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயின. 1947-ல் இரு நாட்டாரும் பேசித் தடை போட்டார்கள். விகன் பையனைக் காக்கவா? இல்லை. ஆஸ்திரேலியக் கிளப்புகள் தம் ஆளை இழக்காமலிருக்க! நல்ல கூலி தேடிக் கடல் தாண்ட நினைத்தவனுக்கு வழி அடைபட்டது. 1977-ல் மறுபடியும் ஒரு தடை. 1983-ல்தான் அது நீங்கிற்று.

2003-ல் கோல்பாக் என்ற ஸ்லோவாகிய ஹாண்ட்பால் வீரரின் வழக்கில், ஜெர்மனியில் சட்டப்படி வேலையிலிருப்பவரை அந்நியர் என்று வரம்புக்குள் அடைக்கலாகாதென ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தமுள்ள ஃபிஜி, டோங்கா, சமோவா நாட்டு ஆட்டக்காரர்கள் வரம்புக்கு வெளியே வந்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகி, 2020 முடிவோடு அந்தக் கதவும் மூடிற்று.

தீவுக்காரர் விகன் பையனின் எதிரியல்ல. இருவரும் உடம்பை முறித்துக் கூலி வாங்குகிறவர்கள். பையனை ஆளாக்க வருஷக்கணக்கில் செலவாகும். தயாரான ஆளை வாங்கினால் இந்த வருஷமே ஜெயிக்கலாம். செலவு மிச்சமென்று ரிசர்வ் அணிகளையே பல கிளப்புகள் கைவிட்ட காலமும் உண்டு. பையனின் இடம் அன்றே பறிபோயிற்று, பறித்தவன் டோங்காக்காரனா?

2025-ல், ஒரு கிளப்புக்கு 7 என்றிருந்த வரம்பை 2026 முதல் 10 ஆக்கினார்கள். ஓட்டுப் போட்டவை கிளப்புகள். ஆடுகிறவனுக்கு ஓட்டில்லை, உள்ளூரானானாலும் வெளியூரானானாலும். 7-ஆ 10-ஆ என்று இரு தரப்பும் அடித்துக்கொள்வதற்கு முன்னால், அந்த மேஜையில் ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஒரு நாற்காலி கேட்கட்டும். ரிசர்வ் அணியைக் கைவிடும் உரிமை எந்தக் கிளப்புக்கும் கிடையாது என்று முதலில் எழுதி வாங்கட்டும்.